உளி பிடித்த கைகள்

எங்கள் பங்கு ஆலயத்தின் வலப்புறத் தூண்களை ஒட்டிப் பன்னிரண்டு சிறிய மர இருக்கைகள் இருக்கின்றன. தரையில் அமர இயலாத முதிய தாய்மார் திருப்பலியின்போது அவற்றில் அமர்கிறார்கள். வேப்பமரத்தில் செய்தவை, வண்ணம் பூசாதவை, எல்லாம் ஒரே உயரமும் அல்ல. பீடத்தில் நின்று அவற்றைக் காணும்போதெல்லாம், மாணவர்களுக்குக் கற்பிக்கப் போய் நான் கற்றுக்கொண்ட பாடம் நினைவுக்கு வருகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் காவிரிப்படுகையைத் தாக்கியபோது, ஆலய வளாகத்தில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்தது. எனக்கு முன்பிருந்த பங்குத்தந்தை அதைப் பலகைகளாக அறுக்கச் செய்து, இடையிடையே குச்சிகள் வைத்து, காற்றோட அடுக்கி வைத்துச் சென்றிருந்தார். பச்சை மரம் காயும்போது சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். காத்திருந்து காய்ந்த மரமே வேலைக்கு உதவும். அந்தப் பலகைகளைக் கொண்டு, பெருந்தொற்றுக் காலம் முழுவதும் கைபேசித் திரையையே பார்த்திருந்த எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆலயத்திற்கு இருக்கைகள் செய்தால் என்ன என்று 2022-இல் எனக்குத் தோன்றியது.

தலைமையாசிரியரும் நானும் பதினாறு மாணவர்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். எல்லாரும் மதிப்பெண்ணில் பின்தங்கியவர்கள். படிப்பு ஏறாத பிள்ளைகளுக்குக் கைத்தொழிலாவது உதவட்டும் என்பது எங்கள் எண்ணம். அதைக் கருணை என்றே நான் நம்பியிருந்தேன்.

மறுநாள் இரவு ஊர்த் தச்சர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவருடைய மகனின் பெயரும் பட்டியலில் இருந்தது. நாற்காலியைக் காட்டியும் அவர் அமரவில்லை.

"தப்பா நினைக்கக் கூடாது சாமி. என் பாட்டன், அப்பன், நான்னு மூணு தலைமுறையா உளி பிடிச்சாச்சு. இவனாவது பேனா பிடிக்கட்டும்னு பள்ளிக்கூடம் அனுப்பினேன். நீங்க மறுபடியும் அதையே அவன் கையில குடுக்கிறீங்க. உளி நல்லதுன்னா, வாத்தியார் மகனுக்கும் குடுங்க."

அவர் போன பின்பு எனக்கு உறக்கம் வரவில்லை. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜியின் அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கவும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகவும் அது வழி வகுத்தது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் அது கைவிடப்பட்டது. அந்த வரலாற்றை நான் அறிவேன். அறிந்திருந்தும், அதே பிழையைச் சிறிய அளவில் செய்திருக்கிறேன். உழைப்பின் மாண்பைப் பற்றி மறையுரை ஆற்றிய நான், உழைப்பை மதிப்பெண் குறைந்தவனுக்குரிய தண்டனையாக ஆக்கியிருந்தேன்.

பட்டியலைக் கிழித்தேன். வகுப்பின் முப்பத்தெட்டு மாணவ மாணவியரும் இப்பணியில் சேர்ந்தார்கள். ஆசிரியர் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். மறுநாள் நானே அந்தத் தச்சரின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டு, கற்றுக்கொடுக்க வருமாறு வேண்டினேன். மூன்று நாள் யோசித்து இசைந்தார். ஆசிரியர் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டோம், ஊதியமும் உண்டு. மாணவர்கள் அவரை 'சார்' என்று அழைத்தார்கள். அவருடைய மகன் மட்டும் எப்படியும் அழைக்காமல் தலை குனிந்தே நின்றான்.

முதல் நாள் பிள்ளைகள் வரைந்து வந்த படங்களில் தாமரையும் மயிலும் நிறைந்திருந்தன. ஆசாரியார் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல உட்காரப் போறது யாரு?" என்று மட்டும் கேட்டார். யாரும் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், செங்கற்களை அடுக்கி மேலே பலகை வைத்து, முதிய தாய்மாரை ஒவ்வொருவராக அமர வைத்து அளந்தார்கள். கடை நாற்காலியின் வழக்கமான பதினெட்டு அங்குல உயரத்தில் பலருக்குப் பாதம் தரையில் படவில்லை. மிகத் தாழ்த்தினால் எழ முடியவில்லை. பதினைந்துக்கும் பதினாறரைக்கும் இடையே ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு கிடைத்தது. வடிவமைப்பு என்பது அழகாக வரைவது மட்டுமன்று, அடுத்தவரின் முழங்கால் வலியைக் கேட்டறிவது என்பதைப் பிள்ளைகள் அன்று கண்டார்கள்.

மூன்று காலா, நான்கு காலா என்று ஒரு விவாதம் எழுந்தது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். ஆகவே மூன்று கால் ஆடாது என்று வகுப்பின் முதல் மாணவி கணிதம் கூறினாள். அதுவரை வாய் திறவாத தச்சரின் மகன் மெல்லச் சொன்னான்: "பாட்டி ஓரத்துல கைய ஊன்றித்தான் எழுந்திரிப்பாங்க. மூணு கால்னா கவிழ்ந்துடும்." செய்து பார்த்தார்கள், கவிழ்ந்தது. அம்மாணவி தன் படத்தை அழித்துவிட்டு அவனருகே வந்து அமர்ந்தாள்.

உளியின் வாய்க்கு முன்னே எப்போதும் கை இருக்கக் கூடாது என்பதே வேலையின் முதல் பாடம். இழைப்புளியை மரத்தின் இழையோட்டத்திற்கு எதிராகத் தள்ளினால் பலகை பிய்ந்துவிடும் என்பது இரண்டாவது. அதை நானே ஒரு பலகையைப் பாழாக்கிக் கற்றேன், பிள்ளைகள் சிரித்தார்கள். விடைத்தாளில் பிழையை அடித்துவிட்டு மேலே எழுதலாம். மரத்தில் அது முடியாது. ஒரு கால் அரை அங்குலம் குறைந்துபோனபோது, அறுத்த மாணவன் அதை ஒளிக்கப் பார்த்தான். ஆசாரியார் கடிந்துகொள்ளவில்லை. "மத்த மூணையும் அதுக்குச் சமமா அறு. குள்ளமான பாட்டி ஒருத்தங்க இருக்காங்கல்ல" என்றார்.

இறையியல் கல்லூரியில் 'தெக்தோன்' என்னும் கிரேக்கச் சொல்லைப் படித்தேன். மரத்திலும் கட்டுமானத்திலும் உழைக்கும் கைவினைஞரைக் குறிப்பது அது. நாசரேத்து மக்கள் ஆண்டவரை ஏளனமாக இச்சொல்லால் சுட்டியதை மாற்கு (6:3) அப்படியே தருகிறார். மத்தேயுவோ (13:55) தச்சரின் மகன் என்கிறார். தச்சர் என்று கிறிஸ்துவை இகழ்ந்த செல்சுசுக்கு மறுமொழி எழுதிய ஒரிஜன், திருச்சபைகளில் வழங்கும் நற்செய்திகள் எதிலும் இயேசு தச்சர் எனப்படவில்லை என்று வாதிட்டார். அத்துணைப் பெரிய அறிஞருக்கும் அச்சொல் உறுத்தியிருக்கிறது போலும். பதினாறு பெயர் எழுதிய எனக்குள்ளும் அந்த உறுத்தலே ஒளிந்திருந்தது.

தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ 1852-இல் ஒரு தச்சருடன் ஒப்பந்தம் செய்தார். தொழில் பழகும் சிறுவனை அடிக்கக் கூடாது, சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும் என்று அதில் எழுதுவித்தார். கைத்தொழில் கற்பவனின் மாண்பைக் காப்பதும் அக்கல்வியின் பகுதி என அவர் அறிந்திருந்தார்.

2023 மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். காணிக்கைப் பவனியில் இருக்கைகள் பீடத்தை நோக்கி வந்தன. கடைசி இருக்கையைத் தந்தையும் மகனும் சேர்ந்து ஏந்தி வந்தார்கள். அதை இறக்கி வைத்தபோது, "கொஞ்சம் இடப்பக்கம்பா" என்று மகன் சொன்னது ஒலிபெருக்கி வழியே ஆலயம் முழுவதும் கேட்டது. அத்தனை பேர் முன்னிலையில் அவரை அப்பா என்று அவன் அழைத்து அன்றுதான் கேட்டேன்.

மகன் பொறியாளராக வேண்டும் என்ற தம் விருப்பத்தைத் தந்தை இன்னும் கைவிடவில்லை, கைவிடவும் வேண்டாம். ஆனால் நம் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையேனும் உளியைக் கையில் எடுக்கட்டும். அதைப் பிடித்தவரை எதிரே நிற்க வைத்துப் பேசும் பழக்கம் அப்போதாவது நம்மை விட்டு நீங்கும். அன்றிரவு அமர மறுத்தவர் இப்போது பங்கு இல்லத்திற்கு வந்தால், நான் சொல்லுமுன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறார். கூடவே அதன் கால் ஆடுகிறது என்று குறையும் சொல்கிறார்.