சக்கை

வாழைத்தண்டு நறுக்குகிறவர்களின் ஆள்காட்டி விரலைக் கவனித்தால், நார்ச்சத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் அங்கேயே தெரிந்துவிடும். வில்லை ஒன்றை அரிந்ததும் அதற்கும் மிச்சத் தண்டுக்கும் நடுவே சிலந்தி இழைபோல் நூல்கள் நீள்கின்றன. விரலைச் சுழற்றி அவற்றைச் சுற்றியெடுத்து, வில்லைகளை மோரில் போட்டுவிட்டு, கடைசியில் விரலில் சேர்ந்த பொதியை உருவி எறிகிறார்கள். நாரை எடுத்தாயிற்று என்பார்கள். அடுத்த கணம் அதே தண்டை, நார்ச்சத்து நிறைய உள்ளது என்று சொல்லி இலையில் பரிமாறுவார்கள். இரண்டுமே உண்மை, இரண்டு நாரும்தான் வேறு வேறு. விரலில் சுற்றுகிற நூல், செடிக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களின் உட்சுவரில் சுருள்கம்பி போலப் படிந்த தடிப்பு. கத்தி பட்டதும் சுருள் பிரிந்து நூலாக நீள்கிறது. தாமரைத்தண்டை ஒடித்தால் வரும் இழையும் இதே வகைதான். வில்லையில் தங்கிவிடும் நார் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு உயிரணுவின் சுவரிலும் உள்ள செல்லுலோஸ், அதைப் பிணைக்கும் ஹெமிசெல்லுலோஸ், இடையில் பசையாக நிற்கும் பெக்டின் எல்லாம் அதில் அடக்கம். பல்லில் சிக்குவதை மட்டுமே நார் என்று வாய் அறிகிறது. வயிற்றுக்குள் நடக்கும் வேலையில் பெரும்பங்கு, பல்லுக்குத் தட்டுப்படாத நாருடையது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. கரும்பைக் கடித்துத் துப்புவது சக்கை, நெல்லைக் குத்தினால் பிரிவது உமியும் தவிடும், புளியில் கோது, மாங்கொட்டையில் நார். இவற்றில் அநேகம் இலையின் ஓரத்துக்கோ மாட்டுத்தொட்டிக்கோ போகிறவை. சாரம் வேறு, சக்கை வேறு என்று பிரித்துச் சாரத்தின் பக்கமே நிற்பது நம் மொழியில் ஊறிய பழக்கம். கன்னியாகுமரிப் பக்கம் மட்டும் சக்கை என்றால் பலா. அங்கே அந்தச் சொல்லைக் கேட்டாலே நாவில் நீர் ஊறும். மற்ற இடங்களில் ஒரு பொருளைச் சக்கை என்றால் அதன் கதை முடிந்தது. மேலை மருத்துவமும் வெகுகாலம் இதே கணக்கைத்தான் போட்டது: குடல் செரிக்காதது சத்தில்லாதது. ‘உணவு நார்’ என்ற பெயரே 1953-இல் ஹிப்ஸ்லி என்பவர் எழுதிய மருத்துவக் கட்டுரையில்தான் வந்தது. பெயர் வந்த பிறகும் மரியாதை வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அதை வாங்கித் தந்தவர் டெனிஸ் பர்கிட். அவர் சொன்னதில் ஒரு பாதி நிலைத்தது, ஒரு பாதி சரிந்தது. எந்தப் பாதி ஏன் சரிந்தது என்று பார்த்தால்தான், இன்று நாம் நாரை ஏன் சாப்பிட வேண்டும் என்பதற்கு நேரான காரணம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

பர்கிட் அயர்லாந்தில் 1911-இல் பிறந்த அறுவை மருத்துவர். சிறுவயதில் ஒரு விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் இருபது ஆண்டுகள் போலப் பணியாற்றியபோது குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோயை 1958-இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்தப் புகழோடு நின்றிருக்கலாம். இங்கிலாந்து திரும்பியதும் அவரைப் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. குடல்வால் அழற்சி, மூலம், பெருங்குடலில் பை பையாகப் பிதுங்கும் நோய், பெருங்குடல் புற்று ஆகியவை இங்கிலாந்தில் மலிந்து கிடக்க, உகாண்டா கிராமங்களில் அவை அபூர்வமாக இருந்தது எப்படி? பிறர் முகம் சுளிக்கும் ஓர் இடத்தில் அவர் விடை தேடினார். கதிரில் தெரியும் சிறு குண்டுகளை விழுங்கச் செய்து, அவை எத்தனை மணி நேரத்தில் வெளியேறுகின்றன என்று கணக்கிட்டார்; மலத்தை நிறுத்துப் பார்த்தார். வாக்கர், பெயின்டர் இருவரோடும் சேர்ந்து 1972-இல் ‘லான்செட்’ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையை நான் மருத்துவ வரலாற்றின் துணிச்சலான பக்கங்களில் ஒன்றாக மதிக்கிறேன். உகாண்டா கிராமத்தாரின் ஒரு நாள் மலம் 400 கிராமுக்கு மேல். உண்டது வெளியேற ஒன்றரை நாள். பிரிட்டிஷ் கடற்படையினருக்கும் பள்ளி விடுதி மாணவருக்கும் சராசரி 100 கிராமைச் சற்றே தாண்டியது. அவர்களுக்கு மூன்று நாள் போல ஆனது. உண்ணும் முன் நிறுத்துப் பார்ப்பதற்குத் தராசும் படியும் மனிதன் எத்தனையோ செய்திருக்கிறான். உண்டபின் என்ன ஆயிற்று என்று நிறுத்துப் பார்க்க வெட்கப்பட்டான். அந்த வெட்கத்தை விட்ட ஒருவரால்தான் நார் மருத்துவத்தின் மேசைக்கு வந்தது.

ஆனால் அந்த எண்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் துடைப்பத்தின் விளக்கம். நார் நீரை உறிஞ்சி மலத்தைப் பருக்கச் செய்கிறது, விரைவாகத் தள்ளுகிறது. நச்சுப்பொருள் குடல்சுவரோடு உராயும் நேரம் குறைகிறது. ஆகவே நோய் குறைகிறது. கேட்ட மாத்திரத்தில் புரியும் விளக்கம் இது. எழுபதுகளில் மேல்நாடுகளில் கோதுமைத் தவிடு புகழ்பெற்றதற்கும், நம் ஊரில் ‘வயிறு சுத்தமாகும்’ என்று பொடிகள் விற்பதற்கும் பின்னால் இருப்பது இந்தத் துடைப்பம்தான். அது சோதனையில் தோற்றது. அமெரிக்கச் செவிலியர் எண்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999-இல் வந்த ஆய்வு, நாருக்கும் பெருங்குடல் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. மறு ஆண்டே இரண்டு பரிசோதனைகள் வெளிவந்தன. கோதுமைத் தவிட்டைத் தினமும் கொடுத்தும், குடலில் முளைக்கும் கட்டிகள் மீண்டும் வருவது குறையவில்லை. கொழுப்பைக் குறைத்து நாரைக் கூட்டிய உணவும் அதைக் குறைக்கவில்லை. நார் வெறும் பேச்சு என்பவர்கள் இன்றைக்கும் காட்டுவது இவற்றைத்தான். இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பரிசோதனைகள் மூன்று நான்கு ஆண்டுகளே நடந்தன, புற்று முற்றப் பல ஆண்டுகள் ஆகும் என்று பதில் சொல்லலாம். அது பாதிப் பதில். தவிட்டைத் தனியே பிரித்துத் தட்டில் சேர்ப்பதும், தவிட்டோடு கூடிய தானியத்தை, பயறை, காயை வாழ்நாளெல்லாம் உண்பதும் ஒன்றில்லை என்பதே முழுப் பதில். 185 தொடர் ஆய்வுகளையும் 58 பரிசோதனைகளையும் திரட்டி 2019-இல் ‘லான்செட்’ வெளியிட்ட தொகுப்பு, மிகக் குறைவாக நார் உண்பவரைவிட மிகுதியாக உண்பவரிடம் இதயநோய், நீரிழிவு, பெருங்குடல் புற்று, இறப்பு ஆகியவை 15 முதல் 30 விழுக்காடு வரை குறைவு என்றது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் என்ற அளவும் அதில்தான் வந்தது.

தவிடு தோற்ற இடத்தில் முழு உணவு எப்படி வெல்கிறது? நாரைத் துடைப்பம் என்று எண்ணாமல் தீனி என்று எண்ணிப் பார்த்தால் விடை புலப்படும். மாவுப்பொருள்களை உடைக்க மனித உடல் தானே செய்துகொள்ளும் நொதிகள் இருபதுக்கும் குறைவு. நம் பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் இனத்தில் ஒரே ஒரு பாக்டீரியத்திடம் அத்தகைய நொதிகளுக்கான மரபணுக்கள் இருநூறுக்கு மேல் உள்ளன. நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்புவதை அவை உண்டு புளிக்கச் செய்து, சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள்; அந்த உயிரணுக்களின் ஆற்றலில் பாதிக்கு மேல் அதிலிருந்துதான். அதாவது, குடலின் கடைசி ஐந்தடிக்கு நாம் நேரே சோறு போடுவதில்லை. நாம் சக்கையை அனுப்ப, அதை உண்பவரிடமிருந்து கூலி வாங்கி உயிர் வாழ்கிறது அந்தச் சுவர். இதைக் காட்டிய ஒரு சோதனை 2015-இல் வெளிவந்தது. பிட்ஸ்பர்கில் வாழும் ஆப்பிரிக்க அமெரிக்கர் இருபது பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் இருபது பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். முன்னவர்களுக்கு நாளைக்கு 55 கிராம் நார், பின்னவர்களுக்கு 12 கிராம். பதினான்கே நாளில் அமெரிக்கரின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. கிராமத்தாரிடம் பாதியாகக் குறைந்தது. கொழுப்பின் அளவும் சேர்ந்தே மாறியதால் எல்லாப் பெருமையும் நாருக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இரண்டு வாரத்தில் ஒரு குடலின் குடிமக்கள் தொழிலை மாற்றிக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பர்கிட் நிறுத்த அந்த 400 கிராமில் நீருக்கு அடுத்தபடி பெரும்பகுதி, நாரை உண்டு பெருகிய பாக்டீரியாக்களின் உடல்கள்.

தீனி என்று கொண்டால் அடுத்த ஆட்சேபத்துக்கும் வழி பிறக்கிறது. நார் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை என்கிறார்கள்; அது சரியே. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்குக் கோதுமைத் தவிடு உபாதையைக் கூட்டுகிறது என்று 1994-லேயே பதிவானது. நெதர்லாந்தில் 275 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான சோதனையில் தவிடு பெரிதாக உதவவில்லை; இசப்கோல் உமி உதவியது. இரண்டுமே நார்தான். தவிடு கரையாமல் உரசுகிறது. இசப்கோல் நீரை இழுத்துக் கூழாகிறது, மிக மெதுவாகவே புளிக்கிறது, அதனால் வாயுவும் குறைவு. குஜராத்தில் விளைந்து உலகெங்கும் போகும் அந்த விதைக்குப் பாரசீகத்தில் குதிரைக்காது என்று பொருள்படும் பெயர். விதையின் வடிவம் அப்படி. அரசமரத்துக்கும் அருகம்புல்லுக்கும் ஒரே வைத்தியம் பார்க்க முடியாததுபோல, நார் என்ற ஒரே பெயருக்குள் இத்தனை குணங்கள் இருக்க, ‘நார் நல்லது’, ‘நார் கெட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். குடலில் அடைப்போ, கடும் அழற்சியோ உள்ளவருக்கு மருத்துவர் நாரைக் குறைக்கச் சொன்னால் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நம் பக்கத்து ஆட்சேபம் வேறு விதம். நாம் சாப்பிடுவது பெரும்பாலும் செடிகொடியிலிருந்து வருவதுதானே, நமக்கென்ன குறை என்பது அது. சென்னை மக்களிடையே நடந்த ஆய்வில் ஒரு நாள் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு நார் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகில் 11, முழுப் பச்சைப்பயறில் 17, கொண்டைக்கடலையில் 25. மூன்று வேளைக்குமாக 300 கிராம் அரிசி தின்றாலும் எட்டு கிராம்தான் நார். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் பன்னிரண்டு. பழைய சோறு இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆறின சோற்றில் செரிக்காத மாவு கூடுவது மெய். சமைத்த வெள்ளைச் சோற்றை ஒரு நாள் குளிர்வித்துச் சூடுபடுத்திய ஒரு சோதனையில் 100 கிராமுக்கு ஒரு கிராம் போலக் கூடியது. நல்ல சேர்க்கை, பயறுக்கு ஈடாகாத சேர்க்கை. அரிசியைக் கைவிடச் சொல்லவில்லை. தட்டில் அதன் பரப்பைச் சுருக்கி, பயறும் கீரையும் தோலோடு வேகும் காயும் ஏறட்டும் என்கிறேன். அவரைக்காயில் உரித்தெறிய வேண்டியது ஓர நார் மட்டும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், வாழைக்காய்த் தோல் பொரியலாகும்.

மீதமிருப்பது வாயு. பயறைக் கூட்டச் சொன்னால் முதலில் எழும் முறையீடு அதுதான், நியாயமான முறையீடும்கூட. கீழே இருப்பவர்கள் புளிக்கவைக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம். ஆண்டுக்கணக்கில் தீனி காணாத இடத்தில் திடீரென்று கொட்டினால் வயிறு உப்பத்தான் செய்யும். அதனால் வாரத்துக்கு ஒரு சுண்டல், பிறகு இரண்டு என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூடவே தண்ணீரும் கூட வேண்டும். மொச்சையை இரவே ஊறப்போட்டு, ஊறிய நீரை இறுத்துவிட்டு வேகவைப்பதில், வாயுவை உண்டாக்கும் சிறு சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடுகிறது.