இரட்டைக் கோடு

டாக்டரம்மா வெள்ளைத் தாளில் முதலில் ஒரு சதுரம் போட்டார். பக்கத்தில் ஒரு வட்டம். சதுரம் ஆண், வட்டம் பெண். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தார். அதை ஒட்டியே இன்னொரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடாம்.

தென்காசியில் ஒரு மாடி அறை அது. ஆனி மாதச் சாரல் ஜன்னல் கண்ணாடியில் புகைபோலப் படிந்திருந்தது. ஆச்சிக்குப் படியேற ஒரு கை வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டில் இருக்கும் நானும் போயிருந்தேன். "நீ பேசாம உக்காந்திரு, போதும்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதட்டுமா என்று பிறகு கேட்டபோது, பேரும் தெருவும் வேண்டாம் என்றார்கள்.

வந்திருந்த இளம் தம்பதி இரண்டு பேருக்கும் ஆச்சி ஒருத்திதான். அவனுக்கு அம்மாவைப் பெற்றவள், அவளுக்கு அப்பாவைப் பெற்றவள். கல்யாணமாகிப் பத்து மாதம். அவனுடைய அக்காவை ஆச்சியின் கடைசி மகனுக்கே, அதாவது சொந்தத் தாய்மாமனுக்கே கொடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி வைத்து, பயிற்சிக்கு நடையாய் நடந்து, இப்போது "ஆச்சி" என்று கூப்பிடுகிறான். அதனால்தான் இவர்களுக்குப் பிள்ளை உண்டாவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

தாள் நிறைந்துகொண்டே போனது. யார் யாருக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று சின்னவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஆச்சிதான் பதில் சொன்னாள். "எங்க வீட்டு அவ்வோளும் எனக்கு அத்தை மவன்தான்." இன்னொரு இரட்டைக் கோடு. காது கேட்காத பேரனின் சதுரத்தைப் பேனாவால் அடைத்துக் கறுப்பாக்கினார் டாக்டரம்மா. குறையோடு பிறந்தவர்களுக்கு அப்படி.

"உங்களுக்குப் பிறந்து தவறின பிள்ளை உண்டா ஆச்சி?"

"மூத்தது ஒண்ணு. பொம்பளப் புள்ள. ஒன்றரை வயசுல காய்ச்சல் கண்டு போயிட்டு."

ஒரு வட்டம், அதன் மேல் சாய்வாக ஒரு கோடு. பேனா அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஆச்சியின் கண் மட்டும் அந்த வட்டத்திலேயே நின்றது.

நம் பேச்சிலேயே சொந்தத்தில் கட்டும் கல்யாணத்துக்கு இடம் இருக்கிறது. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமன், அக்கா மகள் உறவில் கல்யாணத்தைத் தடுத்தாலும், வழக்கம் உள்ளவர்களுக்கு விலக்குக் கொடுத்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கல்யாணமான 100 பெண்களில் 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 11. சொத்து வெளியே போகாது என்பதற்காகத்தான் என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். நம் பெண்ணை அந்த வீட்டில் கை நீட்டி அடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. அந்த நம்பிக்கையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

டாக்டரம்மாவும் திட்டவில்லை. எல்லார் உடம்பிலும் சில பழுதான மரபணுக்கள் சத்தமில்லாமல் இருக்கும் என்றார். ஜோடியில் மற்றது நல்லதாக இருந்தால் ஒன்றும் தெரியாது. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாக வைத்திருப்பார்கள்; தாய்மாமனும் அக்கா மகளும் நாலில் ஒரு பங்கு. ஒரே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர அங்கே வழி அதிகம்.

"சாதாரணமா 100 பிள்ளையில ரெண்டு மூணுக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் கட்டினா இன்னும் ரெண்டு மூணு கூடும்."

"அப்போ 95 நல்லாத்தான் பிறக்கும்!" என்றான் அவன், முகம் தெளிந்து.

"அது ஊர்க் கணக்கு தம்பி. உங்க வீட்டுக் கணக்கு வேற." கறுத்த சதுரத்தைத் தொட்டுக் காட்டினார். முதலில் அந்தப் பையனுக்கு ரத்தப் பரிசோதனை. நம் நாட்டில் பிறவிச் செவிட்டுக்குப் பல வீடுகளில் காரணமாக இருப்பது கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணு. அதில்தானா, வேறொன்றிலா என்று பார்க்க வேண்டும். பழுது இன்னதென்று தெரிந்தால் இவர்கள் இருவருக்கும் அதையே தேடலாம். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்தக் குறை பிள்ளைக்கு வராது. இருவரிடமும் இருந்தால் நாலில் ஒரு பங்கு. "மூணு நல்லாப் பிறந்தா நாலாவதுக்குத்தான் வரும்னு இல்ல. ஒவ்வொரு தடவையும் புதுசாச் சீட்டுக் குலுக்குற மாதிரி."

அதுவரை பேசாதிருந்த பெண் கேட்டாள்: "யாருகிட்ட இருந்து வரும் டாக்டர்?"

"ரெண்டு பேர்கிட்ட இருந்தும். ஒருத்தர் மட்டும் குடுத்து வராதும்மா."

அந்த அக்கா இந்த அறையில் இல்லையே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. 'அவ வயித்துக் கோளாறு' என்று எத்தனை விசேஷ வீடுகளில் அவள் காதுபடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் ஒருநாள்கூட மறுத்துப் பேசியதில்லை.

"நாங்க பெத்துக்கலாமா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் வரட்டும், மறுபடி பேசுவோம். பிறந்த உடனே காதைச் சோதிச்சா சீக்கிரமே கருவி வைக்கலாம். கர்ப்பத்திலேயே தெரிஞ்சுக்கவும் வழி இருக்கு. எது வேணும்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணணும்."

திரும்பும்போது குற்றாலம் போகலாம் என்றான். ஐந்தருவியில் கூட்டம். அவன் ஆண்கள் பக்கமும் அவள் பெண்கள் பக்கமும் போனார்கள். முழங்கால் வலியால் ஆச்சி குளிக்கவில்லை. மங்குஸ்தான் கடைத் திண்ணையில் நானும் அவளும் உட்கார்ந்தோம். தாளின் நகல் பாலிதீன் பைக்குள் அவள் மடியில் இருந்தது.

வெகுநேரம் அருவிப் பக்கமே பார்த்திருந்தாள். பிறகு பையைப் பிரித்து, சாய்கோடு போட்ட வட்டத்தில் விரல் வைத்தாள்.

"இந்தப் புள்ள கை தட்டினாத் திரும்பாது. எங்க மாமியா வெளிய சொல்லாதேன்னுட்டா."

நான் பேசவில்லை.

"பேனா வச்சிருக்கியா?"

கொடுத்தேன். தாளைத் தொடைமேல் பரப்பி, சாரல் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, கோடு தாண்டாமல் மெதுவாக அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினாள்.