காலடி

நுழையும்முன்

களத்துமேட்டில் சுழலும் சிலம்பக் கம்பும், கல்லூரி வாத்தியக் குழுவின் முன்னே சுழலும் வெள்ளித் தண்டும் தோற்றத்தால் வேறுபட்டவை. அவ்விரண்டையும் ஏந்திய ஒரு பெண்ணின் அனுபவமே இக்கட்டுரை.

மதுரைக்கு வடமேற்கே, வாடிப்பட்டியை அடுத்த சிற்றூர் எங்களுடையது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் நீர் கால்வாய் வழியே வந்து எங்கள் வயல்களை நனைக்கும். அறுவடை முடிந்து களம் ஒழிந்ததும் நிலவொளியில் அங்கே சிலம்பம் தொடங்கிவிடும். என் தாத்தாவே ஆசான். மூங்கில் கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை எங்கள் வீட்டுத் திண்ணைவரை கேட்கும். 'சிலம்புதல்' என்பதற்கு ஒலித்தல் என்று பொருள் எனப் பின்னாளில் வகுப்பறையில் படித்தபோது, அஃது எனக்குப் புதுச்செய்தியாகத் தோன்றவில்லை.

சிறுவர்கள் களத்தில் ஆடினர். சிறுமியர்க்குத் திண்ணையே இடம். ஆட்டுக்குத் தழை பறிக்கும் தொரட்டிக் கம்பை எடுத்துக் கொல்லைப்புறத்தில் நானாகச் சுற்றிப் பார்ப்பேன். ஒருநாள் தாத்தா அதைக் கண்டுவிட்டார். அடி விழும் என்று அஞ்சி நின்றேன். அவரோ, "கம்பு சுத்துறது கையில இல்ல தாயி, கால்ல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் முதல் களத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு காலடி வரிசையையும் அவர் வாய்விட்டு உரக்க விளக்கினார். எங்கள் திண்ணையை நோக்கி நின்றே காலெடுத்து வைத்தார். என்னைக் களத்திற்கு அழைக்கவுமில்லை. கொல்லையில் சுற்றுவதைத் தடுக்கவுமில்லை. அழைக்காதது எனக்கு வருத்தமாகவே இருந்தது. எனினும் அவர் காட்டிய ஒவ்வோர் அடியையும் விடாமல் பழகினேன்.

1988இல் மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே பறை முழக்கமும் குழலோசையுமாக ஒரு வாத்தியக் குழு இருந்தது. அதன் முன்னே தண்டேந்திச் செல்ல ஒரு மாணவி வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியை கேட்டபோது, என் கை தானாக உயர்ந்தது.

தண்டைக் கையில் வாங்கியதும் திகைத்தேன். சிலம்பக் கம்பு ஏறத்தாழ நம் நெற்றி உயரம் இருக்கும். நடுவில் பிடித்தால் இருபுறமும் ஒத்த எடை. இத்தண்டோ நீளத்தில் குறைந்தது. ஒரு முனையில் கனத்த குமிழ் கொண்டது. நடுவில் பிடித்தால் குமிழ்ப்பக்கம் சாய்ந்தது. ஒற்றை விரல்மேல் கிடத்தி, எவ்விடத்தில் சாயாமல் நிற்கிறது என்று தேடினேன். அவ்விடமே அதன் ஈர்ப்பு மையம். சுழற்றி மேலே எறிந்தால் இரு முனைகளும் வட்டமிட்டுக் கண்ணை மயக்கும். அந்த மையம் மட்டும் சீரான பாதையில் ஏறி இறங்கும். கண் முனையை விட்டு மையத்தைத் தொடரப் பழகவே ஒரு திங்கள் ஆயிற்று. விடுதித் திடலில் விடியுமுன் பயின்று மணிக்கட்டு வீங்கிய நாள்கள் பல.

நடந்துகொண்டே எறிவது அடுத்த நிலை. அணிநடையில் நிமிடத்திற்கு 120 அடி. ஐந்து மீட்டர் உயரம் ஏறும் தண்டு கைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும். அதற்குள் நான்கு அடி நடந்திருப்போம். அப்படியாயின் தண்டை முன்னோக்கி எறிய வேண்டுமா? வேண்டியதில்லை. நடப்பவர் கையிலுள்ள தண்டு அவருடைய வேகத்தையும் உடன் கொண்டே மேலெழும். நேராக எறிந்துவிட்டு நடை மாறாமல் சென்றால், அது நம் கையிலேயே வந்து இறங்கும். கால் தயங்கினால் நமக்கு முன்னே விழும்.

தெரிந்து தெளிவோம்

வாத்தியக் குழுவின் முன் தண்டு சுழற்றும் கலை, 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் தனி ஆட்டமாக வளர்ந்தது. இதற்கான முதல் உலகப் போட்டி 1980இல் சியாட்டில் நகரில் நடைபெற்றது. தமிழ்நாட்டில், அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டுள்ளது.

மறு ஆண்டு, ரேஸ்கோர்ஸ் திடலில் விளையாட்டு விழா. முரசு முழங்க, குழுவின் முன்னே நடந்தேன். முதல் எறிதலுக்குத் தண்டை விட்ட நொடியில், பார்வையாளர் வரிசையில் ஒரு வெள்ளைத் தலைப்பாகை தெரிந்தது. தாத்தா! வருவதாக அவர் சொல்லவேயில்லை. என் இடக்கால் அரைக்கணம் தயங்கிற்று.

தண்டு இரண்டடி முன்னே மண்ணில் விழுந்தது. கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. ஆனால், பின்னே வந்த தோழியர் ஒருவரும் வாசிப்பை நிறுத்தவில்லை. அந்த முரசொலி என் கால்களைப் பிடித்துக்கொண்டது. நடை மாறாமல் சென்று குனிந்து தண்டை எடுத்தேன். களத்தில் கம்பு விழுந்தால் சிறுவர்கள் செய்வதுபோல், அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

இனிக் கீழேயே சுழற்றிக்கொண்டு போய்விடலாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவ்வாறு எண்ணியது உண்மை. ஆயினும், எட்டு அடி எண்ணி முடித்ததும் அதே உயரத்திற்கு மீண்டும் எறிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தண்டு என் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

விழா முடிந்ததும் தாத்தாவிடம் ஓடினேன். பிடித்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"எதுல பிழை?" என்றார்.

"கால்ல, தாத்தா."

தலையசைத்தார். பேருந்து நிலையம்வரை என் துணிப்பையை அவரே சுமந்து வந்தார்.

அவ்வாண்டு அறுவடைக்குப்பின் களத்தில் அவர் முதலில் அழைத்தது என் பெயரை. திண்ணையில் அமர்ந்திருந்த மற்றச் சிறுமியரும் ஒவ்வொருவராக எழுந்து என் பின்னே வந்தனர். அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

இன்று என் பள்ளியில் மாலைதோறும் மாணவியர் கம்பு சுழற்றுகின்றனர். சென்ற வாரம் ஒருத்தி, "கம்பு விழுந்தால் மதிப்பெண் குறையுமா, அம்மா?" என்று கேட்டாள்.

"குறையும். எடுத்து ஆடு" என்றேன். அவள் கம்பைக் கண்களில் ஒற்றிக்கொண்டு முதல் காலடியை எடுத்து வைத்தாள்.