திரும்பி வந்த வான்கோழிகள்

வான்கோழி என்றதும் கிறிஸ்து பிறப்பு விழாவிற்கெனக் கூண்டில் கொழுக்க வைக்கப்படும் பறவையே நம்மவர் பலருக்கு நினைவில் எழும். அதன் காட்டினம் வட அமெரிக்காவில் இன்றும் உலவுகிறது. பகலெல்லாம் தரையில் மேய்ந்து, இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் பறந்தேறி உறங்கும் அப்பறவைகளை, பாஸ்டன் நகரை அடுத்த ஒரு பங்கில் சில மாதங்கள் பணியாற்றியபோது நாம் கண்ணாரக் கண்டோம்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இவ்வினம் ஒருகாலத்தில் அற்றே போயிற்று. குடியேறியோர் உழவுக்காகக் காடழித்தனர், கண்டபடி வேட்டையாடினர். அங்கு எஞ்சியிருந்த கடைசிப் பறவை 1851-இல் டாம் மலையில் கொல்லப்பட்டதாகப் பதிவு உண்டு. பின்னர் உழவர் பலர் நிலங்களைக் கைவிட்டு அகல, வயல்களில் மீண்டும் கருவாலி மரங்கள் எழுந்தன. காடு வந்தது, பறவை வரவில்லை. பண்ணையில் வளர்த்தவற்றைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தனர். அவை பிழைக்கவில்லை. தாயின் பின்னே திரிந்து, இரை தேடவும் பகைக்கு ஒளியவும் பழகாதவை காட்டில் எவ்வாறு வாழும்? (பெற்றோர் இதில் வேறு பொருளும் கண்டால் நாம் தடுக்கமாட்டோம்.) ஈற்றில் 1972, 1973 ஆகிய ஆண்டுகளில், நியூயார்க் மாநிலக் காடுகளில் பிடிக்கப்பட்ட 37 காட்டுப் பறவைகளை மேற்கு மலைப்பகுதியில் விட்டனர். அவை நிலைத்தன. அவற்றின் வழிவந்தவற்றைக் கிழக்கேயும் கொண்டு சேர்த்தனர். இன்று அம்மாநிலத்தில் 25,000-க்கும் மேல் உள்ளன.

எனினும் நகர வீதிகளுக்கு அவற்றை எவரும் அழைத்து வரவில்லை, தாமே வந்தன. அங்கே புல்வெளி உண்டு, சிட்டுகளுக்கென வைத்த தானியம் உண்டு. வீடுகளின் அருகே துப்பாக்கி வெடிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. இளவேனிலில் சேவல்கள் கார்க் கதவில் தம் உருவைக் கண்டு, பகைவன் என்றெண்ணிக் கொத்தும். கூட்டத்தில் மேல் கீழ் பார்க்கும் இனம் அது. அஞ்சி ஒதுங்கும் மனிதரையும் தமக்குக் கீழாகவே கொள்ளும். எனவே, துடைப்பத்தால் விரட்டுங்கள், உணவு மட்டும் இடாதீர்கள் என்கின்றனர் வனவிலங்குத் துறையினர்.

அப்பங்கில் கணவரை இழந்து தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் நாள்தோறும் வாசலில் சோளம் இறைத்து வந்தார். ஏழெட்டுப் பறவைகள் அவர் குரல் கேட்டு ஓடிவரும். அவையே அஞ்சல்காரரைத் துரத்தின. எதிர்வீட்டுச் சிறுமி பள்ளிப் பேருந்து வரை நடக்க அஞ்சி அழுதாள். ஒருநாள் திருப்பலி முடிந்ததும் அம்மூதாட்டி நம்மிடம், "உயிர்களுக்கு உணவிடுவதும் குற்றமா, ஃபாதர்?" என்று வினவினார். நல்ல நோக்கம் மட்டுமே ஒரு செயலை நற்செயலாக்காது என, குருமடத்தில் பயின்ற அறநெறி இறையியலைக் கொண்டு விடை பகர்ந்திருக்கலாம். ஆனால், அவர் பேசுவதற்கு அவ்வீட்டில் வேறு எவரும் இல்லை என்பதை நாம் அறிவோம்.

"அவை பசித்து வரவில்லை, அம்மா. அருகிலுள்ள காட்டில் அவற்றிற்கு இரை உண்டு. அச்சம் இழந்து மனிதரைத் தாக்கத் தொடங்கினால், ஒருநாள் அவற்றைக் கொல்ல நேரிடும்" என்றோம். சிறுமியைப் பற்றியும் கூறினோம். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து சென்றார்.

மறுநாள் முதல் சோளம் இறைக்கவில்லை. பறவைகள் நான்கைந்து நாள் வாசற்படியருகே வந்து நின்றன, கதவைக் கொத்தின. அவர் சன்னலருகே அமர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். பின்னர் அவை வரவில்லை. மாலைவேளைகளில் மகளுடன் சென்று அவரைப் பார்த்து வருமாறு எதிர்வீட்டுத் தாயிடம் கேட்டுக்கொண்டோம். இருமுறை அவர் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தார்.