ஐயாவின் மொறிஸ் வண்டி

எமது வீட்டுக் கொட்டிலிலே ஒரு பழைய மொறிஸ் மைனர் பிக்கப் வண்டி நிற்கிறது. அதன் வயது எமது வயதிலும் மிகப் பெரிது. 1970ஆம் ஆண்டுக்குப் பின் வெங்காய, மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையிற் சிறிது பணம் புழங்கியது. அந்தப் பணத்திலேதான் எம் தந்தையார் 1973இல் அதனை இரண்டாங் கையாக வாங்கினார். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போய்வருவதே அதன் தொழிலாயிருந்தது.

எம் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடங் கிடைத்ததும், பேத்தி படிக்கும் இடத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஐயா ஆசைப்பட்டார். எண்பது வயதைத் தொட்டவர். பஸ்ஸில் ஏறவும் மறுத்தார், வாடகைக் காரில் ஏறவும் மறுத்தார். "என்ரை வண்டி நிக்க நான் ஏன் பிறத்தியாற்றை வண்டியிலை போவான்?" என்பது அவர் கட்சி. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓடிப் பழகிய வண்டிக்கு இது சிறு தூரமன்று.

ஒத்திகை பார்ப்போம் என எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் தனியே வவுனியா நோக்கிப் புறப்பட்டோம். கிளிநொச்சி தாண்டுமுன்னரே காது அடைத்துவிட்டது. மணிக்கு 70 கிலோமீற்றரை எட்டியதும் எஞ்சின் போட்ட ஓலம் சொல்லுந் தரமன்று. சற்று மெதுவாகப் போனாலோ, பின்னால் வந்த பஸ்களும் லொறிகளும் கோண் அடித்து எம்மை வீதியோரத்துக்கு ஒதுக்கின. மாங்குளத்துக்கு அப்பால் றேடியேற்றர் கொதித்தது. ஒரு மர நிழலில் ஒரு மணி நேரம் இருந்து, தண்ணீர் விட்டு, வவுனியாவைக் காணாமலே வீடு திரும்பினோம்.

எஞ்சினை மாற்றவேண்டும் என்று நாம் சொன்னபோது ஐயா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்க் கொட்டிலில் வண்டியருகே நின்றார். அதற்குக் காரணம் எமக்குத் தெரியும். 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத நாட்களில் இந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். பிஸ்ரன் வளையங்கள் தேயும். அப்படித் தேய்ந்துகொண்டேதான் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே பெயர்ந்து நடந்தபொழுது, எம் பாட்டியாரையும் அயல்வீட்டு முதியவர் நால்வரையும் சுமந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. நாம் பின்னாலே சைக்கிள் உருட்டிக்கொண்டு நடந்தோம். நெரிசலில் வண்டி எறும்பு வேகத்தில் ஊர்ந்தது. ஆனால் ஒரு தடவையேனும் நின்றுவிடவில்லை.

கராஜ்காரர் ஒருவர் ஜப்பானிய எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் பூட்டலாம் என்றார். அது சுகமான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் சட்டத்தை வெட்டி ஒட்டவேண்டும். பிறகு அது மொறிஸ் அன்று, மொறிஸ் முகமூடி அணிந்த வேறொன்று என்பது எம் எண்ணம். எம்மூர் மெக்கானிக் அண்ணை வேறு வழி சொன்னார். எமது எஞ்சின் 803 கன சென்றிமீற்றர், முப்பது குதிரைவலு. அதே குடும்பத்திற் பிந்திப் பிறந்தது 1962இல் வந்த 1098. அதன் வலு நாற்பத்தெட்டு. உடைத்து விற்கவிருந்த மைனர் கார் ஒன்றிலிருந்து அதனையும் அதன் கியர்ப் பெட்டியையும் எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஐயா ஒரு நிபந்தனையின்மேல் இசைந்தார். "பழசை இரும்புக்காரனுக்குக் குடுக்கப்படாது."

பூட்டினோம். கொடிகாமம்வரை ஓடிப் பார்த்தோம். இழுவை நன்றாயிருந்தது. ஓலமோ அப்படியே இருந்தது! நாம் திகைத்து நிற்க, அண்ணை வண்டியின்கீழ் படுத்திருந்தபடியே, "மாஸ்ரர், பின்னுக்கு மாத்தாமல் முன்னுக்கு மட்டும் மாத்தி என்ன செய்யிறது?" என்றார். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு அது முன்னமே தோன்றியிருக்க வேண்டும். பழைய பின்னச்சின் டிபரன்சலில், சில்லு ஒரு முறை சுழல அச்சுத்தண்டு ஐந்தே கால் முறைக்கு மேல் சுழலவேண்டும். சிறு எஞ்சின் பெருஞ்சுமை இழுப்பதற்கென்று அப்படி அமைத்தார்கள். 1098 காரின் டிபரன்சலில் அது 4.22 முறைதான். எம் கணக்கின்படி, 70 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3300 முறை சுழன்ற எஞ்சின் இனி 2650 முறை சுழன்றாற் போதும். ஓலத்தின் பிறப்பிடம் எஞ்சினன்று, இந்த வித்தியாசமே.

ஆகவே அதே காரின் பின்னச்சு முழுவதையும் மாற்றினோம். ஓடும் வேகம் கூடினால் நிற்கும் வலிமையும் கூடவேண்டும் என்று முன்சில்லுகளுக்கு அதன் பெரிய பிறேக்குகளையும் பூட்டினார் அண்ணை. எஞ்சின் இலக்கம் மாறியதால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைந்த கதையை இங்கே விரிக்கவில்லை.

சென்ற மாசியில் ஐயாவை அருகிருத்திப் புறப்பட்டோம். பழைய நீண்ட கியர்த் தடி இருந்த இடத்தை அவர் கை ஒரு முறை தேடிற்று. புதியது குட்டையானது. நாவற்குழிப் பாலத்திலே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், பேசவில்லை. ஆனையிறவு தாண்டி வீதி நேரானதும் வேகத்தைக் கூட்டினோம். நாம் சாதாரணக் குரலிற் பேசியது அவர் காதுக்கு எட்டியது. கண்ணாடி வழியே காற்று வந்தது.

ஐயா வேகமானியை எட்டிப் பார்த்தார். ஊசி முப்பத்தைந்து மைலில் நின்றது. அது பழைய டிபரன்சலுக்குக் கணக்கிட்ட மானி. அச்சுத்தண்டின் சுழற்சியை எண்ணுவதால் இப்பொழுது குறைத்தே காட்டும். உண்மையில் நாம் நாற்பத்து நாலு மைலில் போய்க்கொண்டிருந்தோம். மானியை மாற்றித் தருவதாக அண்ணை சொல்லியிருந்தார்.

"முப்பத்தைஞ்சு. அதுதான் இந்த வண்டிக்கு அளவு. அதுக்கு மேலை போகாதை, தம்பி" என்றார் ஐயா.

"சரி, ஐயா" என்றோம்.