மயிலாப்பூரில் முழங்கும் பண்ருட்டிப் பலா

மார்கழிக் கச்சேரி நெருங்கினால் மயிலாப்பூர் மிருதங்கப் பட்டறைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. வரும் வேலையில் பாதி, பழைய மிருதங்கம்தான். வெளிநாடுகளில் ஒயின் பீப்பாய் பழசானால் அறுத்து நாற்காலி, பூந்தொட்டி ஆக்குகிறார்கள். இங்கே கட்டையை அறுப்பதே இல்லை. தோல் தேய்ந்தால் மூட்டை மட்டும் மாற்றி, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்டுகிறார்கள். தாத்தாவின் கட்டையில் பேரன் வாசிக்கலாம். வலந்தலையின் கறுப்பு வட்டத்துக்கு, சோற்றோடு கிட்டக்கல் பொடியைப் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்க்கிறார்கள். பொறுமை வேண்டும், அப்பா!

கட்டை பெரும்பாலும் பலா. அதிலும் பண்ருட்டி மரத்துக்குத் தனி மதிப்பு. வைரம் பாய்ந்த அடிமரம்தான் தேவை. காய்ப்பு நின்ற பலாவை விறகு விலைக்குத் தள்ளுமுன், வெடிப்பும் முடிச்சும் இல்லாமல் இரண்டடித் துண்டுகள் தேறுமா என்று இசைக்கருவி செய்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.