வழிவிட்டு நிற்றல்

எடின்பரோ நகரில் குடியேறிய பின்னர்தான் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிய எங்கள் எண்ணம் மாறியது. ஊரில் இருந்தவரை அது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்றே கருதியிருந்தோம். இங்கோ நகரசபைக்கே சொந்தமான திடல்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் பள்ளி மாணவர்களும் மட்டைப் பையைத் தோளில் சுமந்து வந்து ஆடிச் செல்கின்றனர். நாங்கள் வசிக்கும் பகுதிக்கு அருகிலேயே லீத் புல்வெளி இருக்கிறது. 1744 ஆம் ஆண்டில் அங்கு நடைபெற்ற போட்டிக்காக எழுதப்பட்ட 13 விதிகளே, இன்று நமக்குக் கிடைக்கும் கோல்ஃப் விதிகளுள் மிகப் பழமையானவை.

சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, நண்பர்கள் நால்வராக நகரசபைத் திடல் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். எங்களுள் மூத்தவரை நாங்கள் நானா என்றே அழைப்போம். இன்னொருவர் பேருந்து ஓட்டுநர்; பிற்பகல் 2 மணிக்கு அவர் பணியில் இருந்தாக வேண்டும். எங்களில் இருவர் மட்டை பிடிக்கப் பழகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பந்து வலப்புறமும் இடப்புறமுமாக ஓடியது. நாங்களும் அதன் பின்னால் ஓடினோம்.

மூன்றாவது குழியை முடித்தபோதே, எங்களுக்குப் பின்னால் முதியவர் இருவர் வந்து நிற்பதைக் கண்டோம். நாங்கள் அடிக்கும்வரை காத்திருப்பார்கள். நாங்கள் நகர்ந்ததும் தாங்கள் அடித்துவிட்டு, மீண்டும் வந்து காத்திருப்பார்கள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் சென்ற குழுவோ கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு முழுக் குழியின் நீளம் வெறுமையாகக் கிடந்தது.

"அவர்களை முன்னே போகச் சொல்லலாமா?" என்று ஓட்டுநர் நண்பர் மெல்லக் கேட்டார்.

"நாமும் பணம் கட்டித்தானே வந்திருக்கிறோம்? எதற்காக ஒதுங்க வேண்டும்?" என்றார் நானா.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் கேள்வி எங்கள் அனைவருடைய உள்ளத்திலும் இருந்தது. அந்நிய நாட்டில் பல ஆண்டுகள் வாழ்பவர்க்கு, "சற்று ஒதுங்கி நில்லுங்கள்" என்ற சொல் எளிதில் மறக்கக்கூடியதன்று. விமான நிலையத்திலும் அலுவலக வரிசையிலும் அதைக் கேட்டுக் கேட்டு மனம் காய்ப்பேறியிருந்தது. இங்கேயும் நாமாகவே ஒதுங்குவதா என்ற வீம்பு எங்களைப் பிடித்துக்கொண்டது. எனவே திரும்பிப் பாராமலே ஆடினோம்.

ஏழாவது குழியில் நானாவின் பந்து மஞ்சள் பூத்த முட்புதருக்குள் மறைந்தது. காணாமற்போன பந்தைத் தேட, 2019 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பிறகு 3 நிமிடங்கள் மட்டுமே விதி அனுமதிக்கிறது. அதற்கு முன்னர் 5 நிமிடங்கள். நாங்கள் அதனினும் நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தோம். அப்போது அம்முதியவர்களுள் ஒருவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு இடையூறு இல்லையெனில், நாங்கள் முன்னே செல்லலாமா?" என்று கேட்டார்.

நானா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தலையசைத்தார். நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். இருவரும் மளமளவென்று அடித்தனர். நின்று அளந்து பார்க்கவில்லை. வீணாக மட்டையை வீசிப் பார்க்கவில்லை. எங்களைக் கடக்கும்போது அவர் தம் மட்டையால் புதரின் அடியைச் சுட்டினார். நானாவின் பந்து அங்கே கிடந்தது.

"மிக்க நன்றி. என் மனைவிக்கு நண்பகல் மருந்து கொடுக்க வேண்டும், அதற்குள் வீடு சேர வேண்டும்" என்று கூறிவிட்டு அவர் விரைந்தார். எல்லாம் சேர்த்து 5 நிமிடங்கள்கூட ஆகியிராது.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் அதை முதலிலேயே சொல்லியிருந்தால் உடனே வழிவிட்டிருப்போம். ஆனால் காரணம் சொல்லி இரந்து நிற்க வேண்டிய நிலைக்கு ஒரு பெரியவரை நாம் ஏன் தள்ள வேண்டும்? காரணம் கேட்டறிந்து கொடுக்கும் இடம் சலுகையாகிவிடுகிறது. கேளாமலே கொடுப்பதன்றோ மரியாதை! சபைகளில் பிறருக்கு இடமளிக்குமாறு மதரஸாவில் ஓதிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பாடம் பாய் விரித்த கூடத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தோம் போலும்.

இதில் வியப்பு என்னவெனில், இந்த ஆட்டத்தின் மரபே எங்கள் வீம்புக்கு எதிராக இருந்தது. முற்காலத்தில் தனியாக ஆடுபவருக்குத் திடலில் எந்த உரிமையும் இல்லை. அவர் அனைவருக்கும் வழிவிட வேண்டும். 2004 ஆம் ஆண்டில் அந்த நிலை மாற்றப்பட்டது. ஆடும் வேகமே முன்னுரிமையைத் தீர்மானிக்கும் என்றாயிற்று. முன்னால் ஒரு முழுக் குழி வெறுமையாகி, பின்னால் ஒரு குழு காத்திருக்குமாயின், அதில் ஒருவர் இருந்தாலும் நால்வர் இருந்தாலும் அழைத்து வழிவிட வேண்டும். உறுப்பினரா விருந்தினரா, தேர்ந்தவரா கற்பவரா என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. எங்களை ஒதுக்குவதற்காக யாரும் வகுத்த விதியன்று அது.

அன்று பதின்மூன்றாவது குழியில் நிலைமை தலைகீழாயிற்று. எங்களுக்கு முன்னால் ஒரு தந்தையும், ஏழெட்டு வயதுடைய அவர் மகளும் ஆடிக்கொண்டிருந்தனர். சிறுமி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் பந்து பத்தடி நகர்ந்தது. ஓட்டுநர் நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்களுள் இளையவர் பொறுமையிழந்து, "அடித்துவிடுகிறேன், அவ்வளவு தூரம் போகாது" என்று மட்டையை ஓங்கினார். நானா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். கோல்ஃப் பந்து கல்லைப் போன்றது; கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். ஆள் நிற்கும் திசையில் பந்து பறந்தால் "ஃபோர்!" என்று உரக்கக் கூவி எச்சரிப்பது வழக்கம். ஆயினும், கூவ வேண்டிய நிலையை உண்டாக்காதிருப்பதே அறிவுடைமை. முன்னால் இருப்பவரை அவசரப்படுத்தப் பந்தை அனுப்புவதைப் போன்ற அநாகரிகம் இந்த ஆட்டத்தில் வேறில்லை.

சற்று நேரத்தில் அந்தத் தந்தை திரும்பிப் பார்த்தார். மகளை ஓரத்துக்கு அழைத்துச் சென்று நிறுத்திவிட்டு, கையை உயர்த்தி எங்களை வரச் சொன்னார். வழிபெற்றுச் செல்வதும் எளிதன்று என்பது அப்போதுதான் விளங்கியது. பிறர் காத்து நிற்கையில் நாங்கள் அடித்த அடிகள் தாறுமாறாகச் சென்றன. ஒரு பந்து தொலைந்தே போயிற்று. கணக்கைப் பாராமல் அதை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தோம். வழிபெற்றவர் அங்கேயே நின்று பந்து தேடுவது, இடம் கொடுத்தவரை இழிவு செய்வதாகும்.

நானா அந்தச் சிறுமியிடம் குனிந்து, "உன் ஆட்டத்தை நிறுத்திவிட்டோம், மன்னித்துக்கொள் மகளே" என்று ஆங்கிலத்தில் கூறினார்.

அவள் சிரித்தாள். "பரவாயில்லை. நீங்கள் போன பிறகு இன்னும் மெதுவாக ஆடலாம் என்று அப்பா சொன்னார்."

நானா வெகுநேரம் பேசவில்லை. காலை முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருவர் நிற்கிறார்கள் என்ற உறுத்தலோடு ஆடிய நாங்கள், இழந்தது என்ன என்பதை அந்தக் குழந்தை சொல்லிவிட்டது. அம்முதியவர்கள் கடந்து சென்ற பிறகுதான் எங்கள் ஆட்டமும் சீர்ப்பட்டிருந்தது. வழிவிட்டவருக்கும் விடுதலை உண்டு என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு குழியின் முடிவிலும் முதலில் திரும்பிப் பார்ப்பவர் நானாதான். யாரேனும் காத்திருந்தால், எங்களுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். திடல் நிரம்பியிருக்கும் நாளில் வழிவிட்டும் பயனில்லை. இடம் இருந்தால் எங்களை ஓரமாக நிறுத்திக் கையை உயர்த்துவார். கடந்து சென்றவர்கள் பந்து எட்டாத தொலைவை அடையும்வரை எவரையும் அடிக்க விடமாட்டார். பந்து எளிதில் கிடைக்காது எனத் தோன்றியதுமே, மூன்று நிமிடங்கள் முடியும்வரை காத்திராமல் பின்னால் வருபவர்களை அழைத்துவிடுவார். அவர்கள் எங்கே செல்கிறார்கள், எதற்காக விரைகிறார்கள் என்று இதுவரை ஒருவரிடமும் அவர் கேட்டதில்லை.

அன்று எங்கள் நண்பர் 2 மணிக்குப் பத்து நிமிடங்கள் இருக்கையில் பணிமனையை அடைந்தார். அவருடைய பேருந்து உரிய நேரத்தில் புறப்பட்டது. அதில் ஏறியவர்கள், திடலில் தங்களுக்காக ஒரு தந்தையும் மகளும் ஒதுங்கி நின்றதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.